திங்கட்கிழமைகளில் காணாமல் போகும் பையன்

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறோம். நான் ஓவர்லாக் டெய்லர், அவர் அயர்னிங். ஒரே பையன். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, வயது 14. எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். அவன் சாப்பிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குப் போவான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட்டில் வகுப்பு ஆசிரியர் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, பையன் அடிக்கடி வருவதில்லை என்றார். சுதந்திர தினம் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெல்ட்டால் அடித்துவிட்டார். அப்புறமும் திருந்தவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிக்குப் போய்க் கேட்டால் 19 நாள் லீவ் என்கிறார்கள். தேதிகளை எழுதித் தந்தார்கள், படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து போனில் கேம் விளையாடுகிறானாம். ஏன்டா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். டி.சி.யை வாங்கிக் கம்பெனியில் சேர்த்துவிடலாம், நாலு காசாவது வரும் என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரி,

டி.சி. பேச்சை முதலில் நிறுத்தி வையுங்கள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். கடைசி சில ஆண்டுகள் தலைமையாசிரியை. மட்டம் போடும் பிள்ளைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் வருகைப் பதிவேட்டிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் நீளமான நோட்டு. காலையில் வந்தால் ஒரு சாய்கோடு, மதியம் இருந்தால் அதன் குறுக்கே இன்னொரு சாய்கோடு, வராதவனுக்குச் சிவப்பு மையில் 'ஏ'. இப்போது செல்போன் செயலியில் பதிகிறார்கள். எதில் பதிந்தாலும், மாதக் கடைசியில் கூட்டல் போட்டு மொத்தத்தைப் பார்ப்பதோடு நாம் விட்டுவிடுகிறோம். எத்தனை நாள் என்பதைவிட எந்தெந்த நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். செவ்வாய்க்கிழமை வரவே மாட்டான். விசாரித்தால் அன்று ஊரில் வாரச்சந்தை. அம்மா காய்க்கடை போடப் போய்விடுவார், கைக்குழந்தையை யார் பார்ப்பது? இன்னொரு பெண் மாதத்தில் நாலு நாள் தவறாமல் வரமாட்டாள். அதற்குக் காரணம் அவளிடம் இல்லை, தண்ணீர் வராத எங்கள் பள்ளிக் கழிப்பறையில் இருந்தது. மோட்டார் சரியான மறுமாதம் அவள் வந்துவிட்டாள். இரண்டு பேரையும் அதற்கு முன் எத்தனை தடவை 'அக்கறை இல்லாத பிள்ளை' என்று திட்டியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் உங்கள் படம் வந்ததும் நான் செய்த முதல் வேலை, காலண்டரைப் பக்கத்தில் வைத்து 19 தேதிக்கும் கிழமை எழுதியதுதான். நீங்களும் செய்து பாருங்கள். ஐந்து நாள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகஸ்ட்டில் ஒரு வாரம் முழுக்க, திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து நாள். மீதி ஒன்பதும் திங்கட்கிழமை. கேம் விளையாடுவதற்காக மட்டும் ஒருவன் மட்டம் போட்டால் புதன், வியாழன் என்று கலந்துதான் வரும். திங்கட்கிழமையாகப் பொறுக்கிப் போட மாட்டான். போன் அவனுக்குப் போக்கிடம். அவனை அங்கே விரட்டுவது எது என்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் வாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெல்ட் அடி. மறுநாளிலிருந்து ஐந்து நாள் பையன் பள்ளிக்குப் போகவில்லை. அரைக்கைச் சட்டைதானே சீருடை? முழங்கைக்குக் கீழே வரி வரியாகத் தழும்பு இருந்தால், 14 வயதுப் பையன் அதைக் காட்டிக்கொண்டு நாற்பது பேர் நடுவில் போய் உட்கார மாட்டான். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், நீங்கள்தான் அவன் கையைப் பார்த்தவர். ஆனால் தேதி அப்படித்தான் சொல்கிறது. திருத்துவதற்காகப் போட்ட அடி 19இல் ஐந்து நாளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. பையன் ஏமாற்றிவிட்டான் என்ற கோபம், ஊர் என்ன சொல்லும் என்ற அவமானம், எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். பள்ளியில் ஆசிரியர் அடித்தால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கேள்வி கேட்கும், வீட்டில் அப்பா அடித்தால் யாரும் கேட்பதில்லை. கணக்கை மட்டும் அவரிடம் காட்டுங்கள். காலண்டரையும் அந்தத் தாளையும் முன்னால் வைத்தாலே போதும், நீங்கள் பேசக்கூட வேண்டியதில்லை.

இனி திங்கட்கிழமை. எனக்கு மூன்று சந்தேகம் இருக்கிறது.

ஒன்று, காலை வழிபாட்டுக் கூட்டம். பல பள்ளிகளில் திங்களன்றுதான் கொடியேற்றி, எல்லா வகுப்பையும் வரிசையில் நிறுத்துவார்கள். முடி, சீருடை, ஷூ எல்லாம் பார்ப்பது அன்றைக்குத்தான். முடி நீளமாக இருந்தால் முன்னால் வரச் சொல்லி எல்லோர் எதிரிலும் நிறுத்துவார்கள். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம். மீசை அரும்பும் வயதில், பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அப்படி நிற்பதற்கு ஒரு நாளை விட்டுக்கொடுப்பது லாபம் என்றுதான் பையன் கணக்குப் போடுவான்.

இரண்டாவது, கால அட்டவணை. திங்கள் முதல் இரண்டு பீரியடு என்ன பாடம் என்று பாருங்கள். கணக்காக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அது நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றும் சொல்வேன், பிள்ளைகளைப் பள்ளிக்குள் வைத்திருந்தது அதுதான். ஆனால் ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல் விட்டவன், ஏழிலும் எட்டிலும் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து ஓட்டிவிடலாம். ஒன்பதில் அது நடக்காது. முதல் பாடமே கண மொழி, அடுத்து மெய்யெண்கள், மூன்றாவது இயற்கணிதம். கரும்பலகைக்கு வரச் சொன்னால் தப்பிக்க வழியில்லை. ஒன்பதில் திடீரென்று மட்டம் போட ஆரம்பிக்கும் பையன்களில் பலர், உண்மையில் ஆறாம் வகுப்பிலேயே பாடத்தை விட்டு வெளியே போனவர்கள். உடம்பு மட்டும் மூன்று வருஷம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது.

மூன்றாவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இல்லை. உங்கள் ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். சனி இரவும் ஞாயிறும் வீட்டில் என்ன நடக்கிறது? குடி, சண்டை, சத்தம் ஏதாவது உண்டா? ஞாயிறு இரவு தூங்காத பிள்ளையைத் திங்கள் காலை எழுப்ப ஆள் இல்லாவிட்டால் அவன் எழுந்திருக்க மாட்டான். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

மூன்றில் எது என்று கண்டுபிடிக்க அவனிடம் 'ஏன் போகல?' என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. அந்தக் கேள்விக்குப் பையன்களுக்கு ஒரே பதில்தான், தரையைப் பார்ப்பது. எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். மாடியில் துணி காயப்போடும்போது கூட நிற்கச் சொல்லுங்கள், அல்லது வெங்காயம் உரிக்கக் கொடுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் கொஞ்சம் திறக்கும். 'திங்கக்கிழமை பிரேயர்ல நீ எந்த இடத்துல நிப்ப?', 'கணக்கு சார் வந்ததும் முதல்ல என்ன பண்ணுவார்?', 'மதியம் யார் கூட சாப்பிடுவ?' இப்படி அந்த நாளை அவனோடு கூடவே நடந்து பாருங்கள். எந்த இடத்தில் குரல் மாறுகிறது, எங்கே பேச்சை மாற்றுகிறான் என்று கவனித்தால் போதும். முதல் நாளே எதுவும் வராது. மூன்றாவது, நாலாவது தடவை வரும்.

இடையில் ஒன்று. இந்தக் கடிதத்தைப் படிக்கும் வேறு சில அம்மாக்களுக்கு வேறு மாதிரி கஷ்டம் இருக்கும். பிள்ளை வீட்டை விட்டே கிளம்பாது, காலையில் வயிற்று வலி, வாந்தி, அழுகை, பதினோரு மணிக்கு எல்லாம் சரியாகிவிடும். அது மட்டம் இல்லை, பயம். வலியும் நடிப்பு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகரின் உதவி தேவைப்படும். 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். உங்கள் பையன் கதை அது இல்லை என்று நினைக்கிறேன்.

19 நாள் அப்படி என்ன பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கக்கூடும். ஜூனிலிருந்து காலாண்டு வரை பள்ளி நடந்தது ஏறக்குறைய 80 நாள். அதில் 19 என்றால் நாலு நாளுக்கு ஒன்று. ஆண்டு முழுக்க 220 வேலைநாள் என்று வைத்தால், இதே வேகத்தில் போனால் 50 நாளுக்கு மேல் போய்விடும். அமெரிக்காவில் பத்து சதவீத நாள் தவறினாலே அதைத் தொடர் வருகையின்மை என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். நம் கணக்கில் அது 22 நாள், அதாவது மாதம் இரண்டு நாள். மாதம் இரண்டு நாளை நம்மில் யார் கவனிக்கிறோம்? கல்யாணம், காதுகுத்து, ஊர் நோம்பி என்று நாமே அழைத்துப் போவதிலேயே அது கரைந்துவிடுகிறது.

அப்புறம், லீவில் போன நாளோடு நஷ்டம் முடிவதில்லை. உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஓவர்லாக் அடிக்காத பீஸ் அடுத்த மெஷினுக்குப் போனால் அவர் என்ன செய்வார்? தூக்கி ஓரமாக வைப்பார். திங்கட்கிழமை கணக்கில் காரணிப்படுத்துதலைத் தொடங்கினால், செவ்வாய்க்கிழமை பாடம் அதன் மேல்தான் ஓடும். வந்து உட்கார்ந்தும் புரியாது. புரியாத வகுப்பில் 40 நிமிஷம் உட்காருவது எவ்வளவு அலுப்பு என்று நமக்கு மறந்துபோயிருக்கும். அலுப்பு தாங்காமல் வியாழக்கிழமையும் நின்றுவிடுவான். அந்தச் சிதறிய ஐந்து நாள் இப்படி வந்தவையாக இருக்கலாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு வர வைப்பது இந்த மாநிலத்துக்குப் பழைய கவலை. காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக்கி விரித்தார், 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பசித்த வயிறு பள்ளிக்கு வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். உங்கள் பையன் காலையில் என்ன சாப்பிடுகிறான்? மூடி வைத்துவிட்டு வந்த தோசையைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறானா, அப்படியே விட்டுவிடுகிறானா? மாலையில் பாத்திரத்தைப் பாருங்கள்.

அந்த எட்டிலிருந்து ஒன்பது மணி வரையிலான ஒரு மணி நேரம்தான் உங்கள் வீட்டில் ஓட்டை. அடைக்க வேண்டியதும் அங்கேதான். கம்பெனியில் ஷிப்டை மாற்றிக் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எட்டு மணிக்கு நீங்கள் கிளம்பும்போதே அவனும் குளித்து, சீருடை போட்டு, உங்களோடு வாசலைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சாவி உங்கள் கையில் இருக்கட்டும். சீக்கிரம் போய் என்ன செய்வான் என்றால், வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள். வகுப்பறைச் சாவி வாங்கித் திறப்பது, கரும்பலகையில் தேதி எழுதுவது, விளையாட்டுச் சாமான் எடுத்து வைப்பது, எதுவானாலும் சரி. தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தால் பையன்கள் வருவார்கள். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். மிகவும் முரண்டு பிடித்த ஒருவனிடம் மணி அடிக்கும் வேலையைக் கொடுத்தோம். அதன்பின் அவன் ஒரு நாள் வராவிட்டால் பள்ளிக்கே மணி தெரியாது என்ற நிலை ஆகிவிட்டது.

பள்ளிக்குப் போகும்போது இன்னும் சில விஷயம். முதலில் உங்கள் போன் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது கொடுத்த எண்தான் பல பேருக்குப் பதிவில் இருக்கும், அந்த சிம் எப்போதோ செத்திருக்கும். உங்கள் வீட்டுக்காரரின் எண் இருக்கிறது, சரி. அயர்னிங் டேபிளில் நிற்பவர் போனை எப்போது பார்ப்பார்? உங்கள் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பையன் வராத நாளில் அன்று காலையே ஒரு மிஸ்டு கால் போதும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பத்து மணிக்குத் தெரிந்தால் மட்டம் ஒரு நாளோடு நிற்கும், ஆகஸ்ட்டில் தெரிந்தால் ஒன்பது திங்கட்கிழமை ஆகிவிடும். லீவ் லெட்டர் ஏதும் கொடுத்திருக்கிறானா என்று கேளுங்கள். உங்கள் கையெழுத்தை அவன் உங்களைவிட அழகாகப் போட்டிருப்பான். அதைப் பார்த்து அங்கேயே கத்திவிடாதீர்கள்.

கணக்குப் பாடம்தான் சிக்கல் என்று தெரிந்தால், ஒன்பதாம் வகுப்புக்கு டியூஷன் வைக்காதீர்கள். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி, பின்னத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வீம்பு பிடிப்பான். தெருவில் கல்லூரி படிக்கும் அண்ணன் யாராவது இருந்தால், மற்ற பையன்கள் பார்க்காத நேரத்தில் சொல்லிக்கொடுக்கட்டும்.

அப்புறம், திரும்பப் போகும் அந்த முதல் நாள். இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், பல நாள் கழித்து வரும் பிள்ளையைப் பார்த்தால் 'வாங்க வாங்க, விருந்தாளி வந்திருக்காரு, நாற்காலி போடுங்க' என்பேன். வகுப்பே சிரிக்கும், எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு நாள் ஒரு பையன், வாசல் வரை வந்தவன், அதைக் கேட்டு அப்படியே திரும்பி நடந்தான். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அதன் பிறகு அவன் பள்ளிக்கு வரவே இல்லை. சில வருஷம் கழித்து ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்து 'வணக்கம் டீச்சர்' என்றான். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. அதனால் வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அன்றைக்கு வகுப்பில் அவனை எதுவும் கேட்க வேண்டாம், வருகையைப் போட்டுவிட்டு உட்காரச் சொன்னால் போதும் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் தலைமையாசிரியரிடம் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலானவர்கள் பெற்றோர்தான், அவர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது.

இப்போது டி.சி.க்கு வருகிறேன். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் பிள்ளைகளை வைக்கக் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது என்று 2016 சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆடிட் நடக்கும் பெரிய கம்பெனிகள் வயதுச் சான்று இல்லாமல் உள்ளே விடாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அப்புறம் அவனுக்குக் கிடைப்பது என்ன? பெயர்ப் பலகை இல்லாத ஏதாவது ஒரு ஷெட்டில் பிசிறு வெட்டுவதும் கைமடிப்பதும், ஒன்றரை ஷிப்ட். கையில் காசு புரண்ட பையனைத் திரும்பப் பள்ளி பெஞ்சில் உட்கார வைப்பது மிகக் கஷ்டம். படிப்பு ஏறாவிட்டாலும் பத்தை முடித்துவிட்டால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டுக்கும் வழி இருக்கிறது. எட்டு முடித்தவர்களைச் சேர்க்கும் ஐ.டி.ஐ. பிரிவுகளும் சில உண்டு, ஆனால் பத்து முடித்தவனுக்குப் பிரிவுகள் அதிகம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து மேலே போகும் பையன்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக்கு வரும். நாலு காசு என்று பேசினால், அதுவும் காசுதான் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

போனைப் பிடுங்கி உடைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும், அப்பா போனும் சேர்த்து. அந்தக் கூட்டாளியையும் விரட்டாதீர்கள். ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பேசிப் பாருங்கள், அவன் வீட்டில் என்ன கதையோ!

வரும் ஞாயிற்றுக்கிழமை பையனைச் சலூனுக்கு அவன் அப்பாவே அழைத்துப் போகட்டும். எப்படி வெட்ட வேண்டும் என்று பையனே சொல்லட்டும், பள்ளி ஏற்கும் அளவில் இருந்தால் சரி. திங்கள் காலை நீங்கள் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு, பள்ளி கேட் வரை போங்கள். உள்ளே போகாதீர்கள், அவனுக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று, பிரேயர் முடிந்து வரிசை வகுப்புக்குள் போகும் வரை பாருங்கள். அடுத்த கடிதத்தில் அவன் வகுப்பின் கால அட்டவணையையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தச் சிதறிய ஐந்து தேதியையும் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.